ஒத்தையா... ரெட்டையா?



ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை, மெஸ் சாம்பாரைப் பற்றி ரெண்டு ஜோக், "இளைஞனே எழுந்து வா" என்று ஒரு கட்டுரை... இதுதானே வழக்கம்? இவன் என்னடா பைட், பிட் என்று ஆரம்பிக்கிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சமாச்சாரம் பணத்தைப் பற்றியது. பணம் என்றால் பிணமும் வாய் திறக்குமாம். நீங்கள் பத்து நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

"ஃபார்மேட்" என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரெக்கார்டு நோட்டுதான். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு... படம் பென்சிலில், எழுத்து பேனாவில். வரிசை தப்பினால் கையெழுத்து கிடைக்காது. எதற்கு அந்த வரிசை என்று நாமும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. அதனாலேயே ஃபார்மேட் என்றால் மூளை தேவைப்படாத வேலை, பெரிய ஆட்கள் அல்காரிதம் எழுதுவார்கள், சின்ன ஆட்கள் ஃபார்மேட் போடுவார்கள் என்று ஒரு நினைப்பு நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் ஃபார்மேட்தான் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் மிக முக்கியமான வரி எது தெரியுமா? "உனக்குப் புரியாத ஒன்று வந்தால் நீ என்ன செய்ய வேண்டும்?" என்ற வரி. நம்மில் பெரும்பாலோர் எழுதாமலே விட்டுவிடுகிற வரியும் அதுதான்!

இதைச் சொல்ல எனக்கு ஓர் உதாரணம் வேண்டும். பிட்காயின் வலையை எடுத்துக்கொள்கிறேன். உடனே "காயின் வாங்கச் சொல்றான்டா" என்று கிளம்பிவிடாதீர்கள். அரியர் ஃபீஸ் கட்டவே அப்பாவிடம் கெஞ்சுகிற நமக்கு அந்தச் சூதாட்டம் எதற்கு? விலை ஏறுவதும் இறங்குவதும் என் கவலை இல்லை. அந்த வலைக்குள் ஓடுகிற செய்திகளின் வடிவம்தான் என் விஷயம்.

நாம் டீக்கடையில் போனை நீட்டிப் பணம் அனுப்புகிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில் உங்களுக்கும் டீக்கடை அண்ணனுக்கும் நடுவில் வங்கிகள் இருக்கின்றன. வங்கிகளுக்கு நடுவில் என்.பி.சி.ஐ. என்ற நிறுவனம் இருக்கிறது. செய்தி வடிவத்தில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் அந்த நிறுவனம் சுற்றறிக்கை விடும், தேதி குறிக்கும், எல்லாரும் மாற்றியாக வேண்டும். ஹெச்.ஓ.டி. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் முடிந்தது என்பது மாதிரி. ஆனால் 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் வலையில் ஹெச்.ஓ.டி.யே கிடையாது! உலகம் பூராவும் யார் யாரோ தங்கள் கணினியில் அந்த மென்பொருளை ஓட்டுகிறார்கள். அப்படி ஓடும் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. ஒருவர் நேற்று வந்த பதிப்பை ஓட்டுவார், இன்னொருவர் ஐந்து வருஷத்துக்கு முந்தியதை ஓட்டுவார், வேறொருவர் தானே எழுதிக்கொண்டதை ஓட்டுவார். யாரையும் "மாத்துடா" என்று அதட்ட முடியாது. ஆனால் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும், அதுவும் பணத்தைப் பற்றி. ஒரு பைட் புரியாமல் போனால் ஒருவருக்கு நஷ்டம்.

இப்படிப்பட்ட இடத்தில் செய்தி வடிவத்தை எப்படித் திருத்துவது? அவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். நாம் படிக்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஹெடரைப் பாருங்கள். பிட்காயினின் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 24 பைட். முதல் 4 பைட் "இது எங்கள் வலையின் செய்திதான்" என்று சொல்லும் அடையாளம். அடுத்த 12 பைட் செய்தியின் பெயர். அடுத்த 4 நீளம். கடைசி 4 செக்சம், அதாவது உள்ளே இருப்பதை ஷா-256 கொண்டு இரண்டு முறை அரைத்து, வந்த விடையில் முதல் 4 பைட். இதில் ஒரு சுவையான கதை உண்டு. ஆரம்பத்தில் ஹெடர் 20 பைட்தான், செக்சம் கிடையாது. 2010-இல்தான் சேர்த்தார்கள். சரி, சேர்த்தாயிற்று. ஆனால் எதிரில் இருப்பவன் பழையவனா புதியவனா என்று எப்படித் தெரியும்? அவன் அனுப்பும் முதல் செய்தியில்தான் பதிப்பு எண் இருக்கிறது. அந்த முதல் செய்திக்கே செக்சம் போட்டு அனுப்பினால் பழையவனுக்குப் புரியாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை!

என்ன செய்தார்கள்? அறிமுகச் செய்திகள் இரண்டை மட்டும் பழைய வடிவிலேயே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் புதிய வடிவுக்கு மாற்றினார்கள். கூடவே நிரலுக்குள்ளேயே ஒரு தேதியை எழுதி வைத்தார்கள்: 2012 பிப்ரவரி 20. அன்றிலிருந்து அறிமுகச் செய்திக்கும் செக்சம் உண்டு. அந்தத் தேதிக்குள் புதுப்பிக்காத பழைய நோடு தானாகவே வெளியே நிற்கும். சுற்றறிக்கை போட ஆள் இல்லாத ஊரில், காலண்டரையே சுற்றறிக்கையாக்கிவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கொடுத்த அவகாசம். "நாளைக்குள் மாற்று" என்று சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலே டயம் கொடுத்தார்கள். நமக்கு அசைன்மென்ட்டுக்குக்கூட அவ்வளவு கிடைப்பதில்லை.

அடுத்தது முகவரிப் பெட்டியின் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலைவன் இல்லாத வலையில் ஒரு நோடு மற்ற நோடுகளை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஊர் வாய் வழியாகத்தான்! "எனக்குத் தெரிந்த முகவரிகள் இவை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கென்று ஒரு செய்தி. அதில் ஒரு முகவரிக்கு 30 பைட். கடைசியாகப் பார்த்த நேரம் 4, என்னென்ன சேவை தருவான் என்பது 8, இணைய முகவரி 16, போர்ட் எண் 2. (போகிற போக்கில் ஒன்று. அந்த வடிவத்தில் எல்லா எண்களும் சிறிய பைட் முதலில் வருமாறு இருக்க, இந்த முகவரியும் போர்ட்டும் மட்டும் தலைகீழாக, பெரிய பைட் முதலில் வரும். கவனிக்காமல் படித்தால் 8333 என்ற போர்ட் 36128 ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரி ஒரு சின்னக் கோணல் முதல் நாளில் நுழைந்துவிட்டால் அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.)

நாம் சாதாரணமாகப் பார்க்கிற ஐபி நான்காம் பதிப்பு முகவரிக்கு 4 பைட் போதும். பிட்காயினை உருவாக்கியவர் 16 பைட் ஒதுக்கினார். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர்க்காரர், யாரென்று இன்றுவரை தெரியாது. 4 பைட் வேண்டிய இடத்தில் 16 எதற்கு, வீண்தானே? அதுதான் இல்லை! ஐபி ஆறாம் பதிப்பு முகவரிக்கு 16 பைட் வேண்டும். பின்னால் அந்த வகை முகவரிகள் வந்தபோது செய்தி வடிவத்தில் ஒரு பைட் கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடம் விட்டு வைத்ததன் பலன்.

பிறகு "டோர்" என்ற மறைவு வலையின் முகவரிகள் வந்தன. தான் எங்கே இருக்கிறோம் என்பதை வெளியே காட்டிக்கொள்ள விரும்பாதவர்கள், காட்டினால் ஆபத்து வருகிற நாடுகளில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த முகவரி அப்போது 10 பைட். பெட்டி 16. மிச்சம் 6. அந்த 6 பைட்டில் "இது டோர் முகவரி" என்று காட்டும் நிலையான முன்னொட்டைப் போட்டு, பத்தையும் ஆறையும் கூட்டி, கச்சிதமாக அடைத்துவிட்டார்கள். ஒட்டு வேலைதான். ஆனால் நல்ல ஒட்டு வேலை. நம்ம ஊர் மெக்கானிக் செய்வது மாதிரி!

ஒட்டு எத்தனை நாள் தாங்கும்? டோர்காரர்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காக மூன்றாம் பதிப்பு முகவரியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு 32 பைட். 16 பைட் பெட்டிக்குள் 32 பைட்டை எந்த மெக்கானிக்காலும் அடைக்க முடியாது. பழைய முகவரிகளை 2021-இல் நிறுத்திவிடப் போவதாக டோர்காரர்கள் அறிவித்தும்விட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தத் தேதி வந்ததும், டோர் வழியாக மட்டுமே இருக்கிறவர்களின் முகவரியை மற்றவர்களுக்குச் சொல்ல வலையில் வார்த்தையே இருக்காது. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களே ஊர்க்கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். காரணம், என்றோ ஒருநாள் ஒருவர் அட்டவணையில் "16" என்று எழுதியது. ஃபார்மேட் மூளை இல்லாத வேலை என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்?

2019-இல் விளாடிமிர் வான் டெர் லான் என்ற பிட்காயின் நிரலாளர் ஒரு திருத்தத்தை எழுதினார். ஆலோசனைக் குறிப்பு எண் 155. புதிய முகவரிச் செய்தியில் முதலில் "எந்த வகை வலை" என்று ஒரு பைட், பிறகு முகவரியின் நீளம், பிறகு முகவரி. 512 பைட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். இன்றைக்கு வேண்டியது 32. ஆனால் அடுத்தவன் 64-ஓடு வந்தால்? 100-ஓடு வந்தால்? வரட்டுமே! இந்தத் திருத்தம் 2021 ஜனவரியில் வந்த பிட்காயின் கோர் 0.21 பதிப்பில் சேர்ந்தது. டோர்காரர்கள் பழைய முகவரிக்கு முழுக்குப் போட்டது அதே வருஷம் அக்டோபரில். கடைசி பஸ்ஸை ஓடிப் பிடித்த மாதிரிதான்.

அந்தக் குறிப்பில் நான் சொல்கிற "அந்த வரி" இருக்கிறது. உனக்குத் தெரியாத வகை எண் வந்தால் கலவரப்படாதே, கண்டுகொள்ளாமல் விட்டுவிடு. ஆனால் அதை அடுத்தவனுக்குப் பரப்பாதே. ஏனென்றால் அது சரியா தப்பா என்று சோதிக்க உன்னிடம் வழி இல்லை. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் பத்து குரூப்புக்குத் தள்ளிவிடுகிற நம் சொந்தக்காரர்களுக்கு இதை யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் தேவலை.

இன்னொன்றும் உண்டு. புதிய முகவரிச் செய்தியை அனுப்புவதற்கு முன் "எனக்கு அந்தப் புதிய வடிவம் புரியும்" என்று எதிராளி சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கே ஒரு சின்னச் செய்தி. அந்தச் சின்னச் செய்தியைப் பார்த்தாலே சில மென்பொருள்கள் "இது என்ன புதுசா?" என்று இணைப்பைத் துண்டித்துவிடும் என்று தெரிய வந்தது. சட்டப்படி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனாலும் கோர்காரர்கள், பதிப்பு எண் 70016-க்குக் கீழே இருப்பவனுக்கு அதை அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு மரியாதைக்காகத்தான் இப்படி என்று நிரலுக்குள்ளேயே குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். காது கேட்காத தாத்தாவிடம் ஹெட்செட்டை நீட்டாத மரியாதை!

* * *

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "எதுக்குப்பா இவ்வளவு? தெரியாதது வந்தா கண்டுக்காம விடுன்னு ஒரே ரூல் போட்டா முடிஞ்சுது!"

இது புதிய யோசனை இல்லை. இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-லேயே, அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்ற பொருளில் எழுதினார். இணையம் வளர்ந்ததற்கு அந்தத் தாராளம் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் என்று வரும்போது அது ஆபத்து. உங்கள் அண்ணன் மணியார்டரில் "இந்தப் பணத்தை அம்மா கையில் மட்டும் கொடுக்கவும்" என்று எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவருகிறவர் "எனக்கு அந்த வரி புரியவில்லை, விட்டுவிட்டேன்" என்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டால்? புரியாததை விட்டுவிடுவது தாராளம் அல்ல, அநியாயம்.

அதற்காக, புரியாதது எது வந்தாலும் துண்டித்துவிடு என்று கறாராக இருந்தால்? பிறகு யாரும் எதையும் புதிதாகச் சேர்க்கவே முடியாது. மணியார்டரின் ஓரத்தில் "தீபாவளி வாழ்த்துகள்" என்று ஒரு வரி இருந்ததற்காகப் பணத்தையே திருப்பி அனுப்பிவிடுகிற கதையாகிவிடும்.

ஆக, கேள்வி "விடுவதா, நிறுத்துவதா" என்பது அல்ல. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று சொல்ல வேண்டியது யார்? வாங்குகிறவன் சொல்ல முடியாது. அவனுக்குத்தான் அது என்னவென்றே தெரியாதே! புதிதாக எழுதுகிறவன்தான் சொல்ல வேண்டும். அதை, புரியாதவனுக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். எப்படி?

சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்டு விளையாடியிருப்பீர்கள். அதுதான் விடை! விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிட்காயினுக்கு மேலே "லைட்னிங்" என்று ஒரு வலை ஓடுகிறது. சின்னச் சின்னத் தொகைகளை ஆளுக்கு ஆள் வேகமாகக் கைமாற்றுவதற்காக வந்தது. அதில் ஒவ்வொரு செய்தி வகைக்கும் பெயருக்குப் பதிலாக 2 பைட் எண். விதி இதுதான்: உனக்குத் தெரியாத எண் ஒற்றைப்படையாக இருந்தால் பேசாமல் விட்டுவிடு. இரட்டைப்படையாக இருந்தால் நிறுத்து, மேற்கொண்டு போகாதே. அவ்வளவுதான். (ஆங்கிலத்தில் ஒற்றைப்படைக்கான சொல்லுக்கு "வித்தியாசமான ஆள்" என்றும் ஒரு பொருள் உண்டு. அதை வைத்து அவர்கள் ஒரு சிலேடையே செய்து வைத்திருக்கிறார்கள். நம் தமிழாசிரியர் கேட்டால் சந்தோஷப்படுவார்.)

புதிதாக ஒரு செய்தியைச் சேர்ப்பவன் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: "இது புரியாமல் போனால் யாருக்காவது நஷ்டமா?" நஷ்டம் என்றால் இரட்டை எண் எடு. இல்லையென்றால் ஒற்றை எண் எடு. எண்ணிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்திய நோடுகூட, தான் பிறக்கும்போது இல்லாத ஒரு செய்தியைப் பற்றி சரியான முடிவு எடுக்கும்.

இது வெறும் தத்துவம் அல்ல என்பதற்கு ஒரு சான்று. லைட்னிங்கில் இரண்டு பேருக்கு நடுவே உள்ள பணப் பாதையை "சேனல்" என்பார்கள். அதில் கோளாறு என்று எதிராளிக்குச் சொல்ல ஆரம்பத்தில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது, "பிழை". அது வந்தால் சேனலையே மூடிவிட வேண்டும். மூடினால் பிட்காயின் வலையில் கட்டணம் கட்ட வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். சின்ன மனஸ்தாபத்துக்கெல்லாம் பாகப்பிரிவினையா? அதனால் பின்னால் "எச்சரிக்கை" என்று ஒரு மென்மையான செய்தியைச் சேர்த்தார்கள். அதற்கு எடுத்த எண் 1. ஒற்றைப்படை! புரிந்தவன் கவனிப்பான், புரியாதவன் விட்டுவிடுவான், யாருடைய சேனலும் உடையாது.

செய்திக்கு உள்ளேயும் இதே விதிதான். லைட்னிங்கில் பணம் பல கை மாறிப் போகும். ஒவ்வொரு கைக்கும் "நீ யாருக்கு, எவ்வளவு, எந்தக் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும்" என்ற குறிப்பு, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக மூடி வைத்துப் போகும். நடுவில் இருப்பவன் தன் தோலை மட்டும் உரித்துப் பார்க்கலாம். மொத்தம் 1300 பைட். பழைய வடிவில் ஒவ்வொரு கைக்கும் 65 பைட், ஆக 20 கைகள். அந்த 65-ஐப் பிரித்தால்: முதலில் 1 பைட் வகை, சேனல் எண் 8, தொகை 8, கெடு 4, வெற்றிடம் 12, சரிபார்ப்பு முத்திரை 32. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

வருங்காலத்துக்கென்று 12 பைட் வெற்றிடம் விட்டிருக்கிறார்களே, நல்லதுதானே என்று தோன்றும். பெரிய தொகையைத் துண்டு துண்டாகப் பல வழியில் அனுப்பலாம் என்ற யோசனை வந்தது. அதற்கு 32 பைட் நீளமுள்ள ஒரு ரகசிய எண் போக வேண்டும், மொத்தத் தொகையும் போக வேண்டும். 12 எங்கே, 32 எங்கே? மறுபடியும் அதே 16 பைட் பெட்டியின் கதை!

ஆகவே 2019 வாக்கில் டி.எல்.வி. முறைக்கு மாறினார்கள். வகை, நீளம், சரக்கு, இந்த மூன்றும் அடுத்தடுத்து. இதில் மூன்று விஷயம் என்னை அசத்தியது. ஒன்று, வெளிச்சுவரை இடிக்கவில்லை. 1300 பைட் அப்படியே இருக்கிறது, உள்ளறைகளின் தடுப்பைத்தான் மாற்றினார்கள். இரண்டு, பழைய வடிவில் முதல் பைட் எப்போதும் 0. புதிய வடிவில் அதே இடத்தில் நீளம். எனவே 0 வந்தால் பழையவன், 1-க்கு மேல் வந்தால் புதியவன். அடையாளம் காண ஒரு பிட் கூடச் செலவில்லை! மூன்று, உள்ளே இருக்கும் சரக்குகளின் வகை எண்ணைப் பாருங்கள். தொகைக்கு 2. கெடுவுக்கு 4. சேனலுக்கு 6. துண்டுத் தொகையின் ரகசியத்துக்கு 8. எல்லாமே இரட்டைப்படை. பணத்தைத் தொடுகிற எதையும் "புரியலை, விட்டுட்டேன்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

"நான் என்னென்ன செய்வேன்" என்று அறிமுகத்தின்போது சொல்லிக்கொள்ளும் பட்டியலிலும் ஒவ்வொரு வசதிக்கும் ஜோடி எண். துண்டுத் தொகை வசதிக்கு 16-ம் 17-ம். புதிதாக வந்த காலத்தில் 17-ஐ உயர்த்துவார்கள்: "எனக்கு இது தெரியும், உனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை." எல்லாரும் கற்றுக்கொண்ட பிறகு 16-ஐ உயர்த்தலாம்: "இது தெரியாவிட்டால் நாம் பேச முடியாது." ஒற்றையில் தொடங்கி இரட்டையில் முடிகிறது. கட்டாயம் ஆக்குவதற்கு ஆணை பிறப்பிக்க ஆள் தேவையில்லை, அவரவர் தங்கள் பங்குக்கு ஒரு பிட்டை நகர்த்தினால் போதும்.

* * *

நம் வகுப்பில் இதைப் பேசியபோது எதிர்வாதமும் வந்தது. "பதிப்பு எண் ஒன்று போட்டால் போதாதா? 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போகலாமே!" பதிப்பு எண் நல்லதுதான், யார் எண் கொடுப்பது என்று ஒருவர் இருக்கிற வரையில். எண் 7 என்றால் 1 முதல் 7 வரை எல்லாமே தெரியும் என்று அர்த்தம். தலைவன் இல்லாத இடத்தில் ஒருவர் அ-வைச் செய்வார், ஆ-வைச் செய்ய மாட்டார். இன்னொருவர் ஆ-வை மட்டும் செய்வார். இவர்களுக்கு என்ன எண் கொடுப்பீர்கள்? அதனால்தான் பிட்காயினிலும் எண்ணை ஏற்றுவதோடு நிற்காமல், அறிமுக நேரத்திலேயே ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது.

இன்னொரு கட்சி, "பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக, சுத்தமாக எழுது" என்ற கட்சி. இந்தக் கட்சியில் சேர எனக்கு மனம் வரவில்லை. டிப்ளமோ முடித்துப் போகிற நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது புதிதாகக் கட்டுகிற வேலை அல்ல, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமல் ஓட வைக்கிற வேலை. ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது எப்படி என்பதுதான் நம் பாடம்.

ஆனால் பழையதையெல்லாம் கட்டி அழவும் கூடாது. யாரும் பயன்படுத்தாத வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் நிரலை யாரும் சோதிப்பதும் இல்லை, பூச்சிகள் அங்கேதான் குடியிருக்கும். பிட்காயினில் ஆரம்ப காலத்தில் "அபாய அறிவிப்பு" என்று ஒரு செய்தி இருந்தது. ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும் எல்லா நோடுக்கும் அனுப்பலாம். தலைவன் இல்லாத வலையில் அந்த ஒரு செய்திக்கு மட்டும் தலைவன்! 2016-இல் அதைக் கோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்பேன். சேர்ப்பது மட்டும் திருத்தம் ஆகாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த சுருக்க பிளாக் முறையில், ஏற்கெனவே எதிராளியிடம் இருக்கிற பரிவர்த்தனைகளை மறுபடி முழுசாக அனுப்பாமல், ஆளுக்கு 6 பைட் சுருக்க அடையாளம் மட்டும் அனுப்புகிறார்கள். 2,500 பரிவர்த்தனைக்கு 15,000 பைட் போதும், முன்பெல்லாம் முழு பிளாக்கும் போகும். 2023 டிசம்பரில் வந்த கோர் 26 பதிப்பிலிருந்து இரண்டு நோடுகளுக்கு இடையிலான பேச்சையே ரகசிய எழுத்தாக்கும் வழியும் வந்தது. அதில் 12 பைட் செய்திப் பெயர்களில் பெரும்பாலானவை 1 பைட் எண்ணாகிவிட்டன.

இந்தக் குறிப்புகள் எல்லாம் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன. பி.இ. படித்தாயா, டிப்ளமோவா என்று அவை கேட்பதில்லை. நம் பாடத்தில் ஏழு அடுக்கின் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கச் சொல்லித் தருகிறார்கள், 10 மார்க். ஓர் உண்மையான வரையறையை வாசித்து "இந்த பைட் இங்கே ஏன் இருக்கிறது?" என்று கேட்கச் சொல்லித் தந்தால் என்ன? தொடர்பியல் ஆய்வகத்தில் ஒரு பிராக்டிகலாவது இதற்காக ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களை இந்த மலர் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வைவாவிலும் "ஃபிரேமில் எத்தனை பைட்?" என்பதோடு நிறுத்தாமல், "தெரியாத ஃபிரேம் வந்தால் உன் போர்டு என்ன செய்யும்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். பதில் சொல்லத் திணறுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள் சார்!

நம் ஃபைனல் இயர் புராஜெக்ட்களைப் பார்க்கிறேன். ஒரு பேட்ச் சென்சார் போர்டு செய்கிறது, இன்னொரு பேட்ச் டிஸ்ப்ளே செய்கிறது. நடுவில் 5 பைட் பாக்கெட். முதல் இரண்டு வெப்பநிலை, அடுத்த இரண்டு அழுத்தம், கடைசி செக்சம். அடுத்த வருஷம் வருகிற தம்பிகள் அதில் ஈரப்பதத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு போர்டையும் உடைத்து எழுத வேண்டும். அதனால்தான் போன வருஷ புராஜெக்ட்கள் அலமாரியில் தூங்குகின்றன, ஒவ்வொரு பேட்சும் எல்.இ.டி. எரிய வைப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறது. இத்தனைக்கும் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கப் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். கடைசி பிட் 1-ஆ 0-வா என்று பார்த்தால் போதும். நாம் படித்த 8051-இல் அது ஒரே ஒரு ஜே.பி. கட்டளை.

எங்கள் பேட்ச் செய்த போர்டு ஆய்வகத்தில் ஜன்னலோர அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. முதல் பைட் வகை, இரண்டாவது நீளம், அதற்கப்புறம் சரக்கு. தெரியாத ஒற்றை எண் வந்தால் நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போகும், தெரியாத இரட்டை எண் வந்தால் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். 1 முதல் 20 வரை நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம், பட்டியல் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தம்பிகளே, தங்கைகளே, 21-லிருந்து உங்களுக்கு.